ஸ்டார் போடாத வீடு

வெளிச்சம் போடுகிற வேலை எங்களுக்குப் புதுசு இல்லை. எங்க அய்யா காஸ் லைட் சுமந்தவர். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம், எது நடந்தாலும் ஊர்ப் பக்கமிருந்து ஆள் வரும். ‘ராத்திரிக்கு எட்டுப் பேர் வேணும்டா’ என்று தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, மேண்டில் வெள்ளையாகப் பழுத்ததும் தலையில் சும்மாட்டை வைத்து அதன்மேல் விளக்கைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை முகம் தெரியும், மேளக்காரர் முகம் தெரியும், வேடிக்கை பார்க்கிற சனத்தின் முகம் தெரியும். சுமக்கிறவன் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழாது. விளக்கின் அடிநிழல் அவன் மேல்தான் விழும். அய்யாவுக்கு உச்சந்தலையில் முடி கடைசிவரை சரியாக முளைக்கவில்லை.

நான் சீரியல் செட் கட்டினவன். 1988இல் பள்ளிக்கூடத்தை விட்டு டவுனில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் 6 வோல்ட் குண்டு பல்பு. 38 பல்பை ஒன்றன்பின் ஒன்றாக வயரில் கோத்தால் 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று பியூஸ் போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். எது போனது என்று டெஸ்டரை வைத்துக்கொண்டு மூங்கில் சாரத்தில் தொற்றி நின்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். முருகனும் மாதாவும் பல்பில் ஓடுகிற பெரிய தட்டிகளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருக்கும். அது மரக்கட்டை உருளையைச் சுற்றும். உருளையில் அடித்த செம்புத் தகடு எந்த வயரைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். முன்னால் பார்க்கிறவர்களுக்கு மயில் தோகை விரிக்கும். பின்னால் நிற்கிற எனக்கு நெருப்புப் பொறியும் ஓசோன் வாடையும்தான்.

கோபுரத்துக்கு செட் போட என்னைக் கூட்டிப்போன ஊர்களில் ‘இந்தப் பையன் யாரு, எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். கடைக்காரர் ஒருதடவை ‘நம்ம பையன்தாங்க’ என்று மழுப்பினார். இன்னொரு தடவை என்னைக் கீழேயே நிறுத்திவிட்டு மற்றவனை ஏறச் சொன்னார். வயரைத் தரையில் உட்கார்ந்து இணைத்துக் கொடுத்தது நான். நான் முறுக்கிய வயர் கோபுர உச்சிக்குப் போனது. நான் போகவில்லை. வயருக்குத் தீட்டு இல்லை.

இப்போது பிக்சல் காலம். குண்டு பல்பும் போச்சு, உருளைக் கட்டையும் போச்சு. பத்துப் பதினைந்து வருஷமாகத் திருவிழாத் தட்டிகளில் ஓடுவது இதுதான். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகிற விஷயம் புரியாது.

ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு, கூடவே ஒரு சின்ன ஐ.சி. உள்ளே மூன்று வயர் வரும்: பிளஸ், கிரவுண்டு, டேட்டா. டேட்டா என்பது கரண்ட் அல்ல, கட்டளை. ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை எண். அது 8 பிட். மூன்று நிறத்துக்கு 24 பிட். கண்ட்ரோலர் எல்லா விளக்குக்குமான எண்களையும் ஒரே வயரில் வரிசையாக அனுப்பும். முதல் பிக்சல் தனக்குரிய முதல் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடும். அடுத்தது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஒரு பிக்சலுக்கு ஆகிற நேரம் நொடியை 10 லட்சமாகப் பங்கிட்டால் அதில் 30 பங்கு. தள்ளும்போது சும்மா தள்ளாது. வழியில் தேய்ந்துபோன சிக்னலைப் புதுசாக்கித் தள்ளும். அதனால்தான் நூற்றுக்கணக்கான விளக்குகளை ஒரே வயரில் ஓட்ட முடிகிறது. நடுவில் ஒரு ஐ.சி. செத்தால், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் கட்டளை கிடைக்காமல் நின்றுவிடும்.

இரண்டு விஷயம் இதில் முக்கியம். ஒன்று, கிரவுண்டு. வீட்டுக்கு வீடு தனித்தனி பவர் சப்ளை வைத்தாலும் கிரவுண்டு வயரை எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எது ஒன்று, எது பூஜ்ஜியம் என்று சொல்லவும் கேட்கவும் பொதுவான ஒரு தரை வேண்டும். தரை பொதுவாக இல்லாவிட்டால் அனுப்புகிறவன் ஒன்று சொல்ல, வாங்குகிற விளக்கு வேறொன்றாய் எடுத்துக்கொண்டு கண்டபடி மின்னும்.

இரண்டாவது, கடைசி விளக்கு. 5 வோல்ட் சப்ளையை ஒரு முனையில் மட்டும் கொடுத்து நீளமாக இழுத்தால், போகப்போக வயரே வோல்டேஜைத் தின்றுவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் வேணும். சிவப்புக்கு 2 போதும். அதனால் வெள்ளை போட்டால் முன்பக்கம் பால்போல எரியும், கடைசியில் செம்பழுப்பாக அழுது வழியும். நீலம்தான் முதலில் சாகும். இதில் அரசியல் ஒன்றும் இல்லை, வெறும் வோல்டேஜ் கணக்கு. இதற்கு வைத்தியம் என்ன? கடைசியில் இருக்கிற விளக்கைத் திட்டுவதா? ‘உனக்குத் தகுதி இல்லை’ என்பதா? தொழில் தெரிந்த எவனும் அப்படிச் செய்யமாட்டான். சப்ளையிலிருந்து தடித்த வயரைத் தனியாக இழுத்து, கடைசி முனையிலும் நேரடியாக கரண்ட் கொடுப்பான். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. முன்னால் இருக்கிற விளக்கின் வெளிச்சத்தைப் பறித்ததாக யாரும் கேஸ் போடுவதும் இல்லை.

எங்க தெருவுக்கு இந்தக் கணக்கு புதுசா என்ன? டிரான்ஸ்பார்மர் ஊருக்குள் இருந்தது. அங்கிருந்து கடைசிக் கம்பம் எங்களுடையது. சாயங்காலம் ஊரில் மிக்சியும் கிரைண்டரும் ஓடும்போது எங்க டியூப் லைட்டுகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும், பிடிக்காது. பல வருஷம் மனுக் கொடுத்து, கடைசியில் ஒருநாள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வந்தது. அன்றைக்கு ராத்திரி பொம்பளைகள் எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.

இதே கணக்குதான் இடஒதுக்கீடும். ஆனால் அந்தத் தனி வயரை எங்க தெருவில் பாதி வீட்டுக்கு வெட்டிவிட்டார்கள். 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. அட்டவணைச் சாதிகள் எவை என்று பட்டியல் போட்ட ஆணை. அதன் 3ஆவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தில் இருப்பவர் யாரும் அட்டவணைச் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் அட்டவணைச் சாதித் தகுதியையும் முடிச்சுப் போடாதே என்று அறிக்கை கொடுத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2 வருஷத் தவணை கொடுத்து, பிறகு தவணையை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஐயும் கறுப்பு நாள் என்று கொடி பிடிக்கிறோம்.

தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், மாறி எத்தனை தலைமுறை ஆனாலும். அதாவது என் அய்யாவைத் தெருமுனையில் நின்று கூப்பிட்டவனும் என் பிள்ளையும் ஒரே பட்டியலில் போட்டி போட வேண்டும். எவனாவது சாதியைச் சொல்லித் திட்டி அடித்தால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

சர்க்கார் சொல்வது: கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே நீ அட்டவணைச் சாதி இல்லை. கோயில் செய்வது: நீ அந்தச் சாதி, ஆகவே மாதா சப்பரம் உன் தெருவுக்கு வராது, உன் கல்லறை சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசி எங்களுக்குச் சாதி உண்டா இல்லையா என்று ஒரு முடிவுக்கு வந்தால் தேவலை.

இப்போது 2024 கிறிஸ்துமசுக்கு வருகிறேன். இதில் ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

தெருப் பையன்கள் வந்து, ‘அண்ணே, ஊர் ஊராப் போயி செட் போடுறீங்க, நம்ம தெருவுக்கு ஒரு தடவ போடுங்கண்ணே’ என்றார்கள். சரி என்றேன். வரிசையில் 14 வீடு. வீட்டுக்கு ஒரு ஸ்டார். ஸ்டாருக்கு 50 பிக்சல். மூங்கில் பிளாச்சில் ஐந்து முனை ஸ்டார் கட்டுவதைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். வயரிங் என் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு 5 வோல்ட் சப்ளை. முழு வெள்ளையில் எரிந்தாலும் ஒரு ஸ்டாருக்கு 15 வாட்தான். அவரவர் வீட்டுக் கரண்ட் அவரவர் ஸ்டாருக்கு. வீடு விட்டு வீடு போவது டேட்டாவும் கிரவுண்டும் மட்டும். அதற்கு கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடுகிற கேட்-6 கேபிளை எடுத்தேன். உள்ளே நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் முறுக்கி இருக்கும். ஒரு ஜோடியில் ஒரு கம்பி டேட்டா, அதோடு முறுக்கிய கம்பி கிரவுண்டு. இப்படிப் போட்டால் இரைச்சல் அவ்வளவாகப் பிடிக்காது. இணைப்பு ஒவ்வொன்றும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்கு குழாய் மாட்டினேன். மார்கழிப் பனியில் வெறும் டேப் ஒட்டினால் இரண்டே நாளில் ஈரம் ஏறிவிடும்.

எப்போதும் எதுவும் ஊர்ப் பக்கமிருந்துதான் எங்க தெருவுக்கு வரும், தண்ணீர் உட்பட. இந்தத் தடவை கண்ட்ரோலரைக் கம்மாய்ப் பக்கம் இருக்கிற கடைசி வீட்டில் வைத்தேன். அம்புக்குறி எல்லாம் ஊரைப் பார்த்து இருந்தன.

ஒன்பதாவது வீடு என் அண்ணன் வீடு. அண்ணன் இல்லை. மதினியும் மகனும். அண்ணன் இருந்தபோதே யாரோ சொன்ன யோசனையில் பையனுக்கு ‘இந்து’ என்று போட்டு சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டார். பையன் குரூப் 4 எழுதி, தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்துக்கொண்டு இருந்தான். நான் கேபிளை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனபோது மதினி வெளியே வந்து நிலைப்படியை மறித்து நின்றார்.

‘கொழுந்தனாரே, நம்ம வீட்டுக்கு வேணாம். விட்டுட்டுப் போங்க.’

‘என்ன மதினி, நடுவுல ஒரு வீட்ட விட்டா பொக்கப் பல்லு மாதிரி இருக்குமே?’

‘இருக்கட்டும். டிவியில சொன்னாகளே, கேக்கலையா நீங்க?’

கேட்டிருந்தேன். 2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண். அரசு வேலைக்காகத் தன்னை இந்து வள்ளுவன் என்று சான்றிதழ் கேட்டிருந்தார். ஞானஸ்நானம் வாங்கியவர், கோயிலுக்குப் போகிறவர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தையே ஏய்ப்பது என்று சொல்லி அவரது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

‘வி.ஏ.ஓ. ஆபீசுலேந்து எப்ப ஆளு வரும்னு தெரியாது. வாசல்ல ஸ்டாரு தொங்குனா நான் என்னன்னு சொல்ல? எம்மவன் வாழ்க்க ஒங்க ஸ்டாருல தொங்கிரும்யா.’

நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள்ளே பார்த்தேன். இருதய ஆண்டவர் படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது. ஆணி இருந்தது.

பையன்களில் ஒருத்தன் ‘பயந்தாங்கொள்ளி’ என்று முனகினான். அந்த வாரம் பிரசங்கத்தில் விசுவாசத்தை மறைக்கக் கூடாது, வெளிச்சத்தைப் போல நிற்க வேண்டும் என்று சாமியார் பேசினார். நல்ல பேச்சு. பேசியவருக்குச் சாதிச் சான்றிதழால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் சாதிக்காரர் கல்லறை சுவருக்கு இந்தப் பக்கம். கம்மாயில் மூழ்கிக்கொண்டு இருக்கிறவனைப் பார்த்துக் கரையில் நிற்கிறவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

மதினிக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ராத்திரி கதவைச் சாத்தி, ரேடியோவை வைத்துச் சத்தத்தை மறைத்துக்கொண்டு செபமாலை சொல்கிற பொம்பளை அவர். அவருக்குச் சாமியும் வேணும், மகனுக்குச் சோறும் வேணும். இரண்டில் ஒன்றை எடு என்று எழுதிவைத்தது அவர் இல்லை.

எனக்குத் தொழில் சிக்கல் ஒன்று மிச்சம் இருந்தது. எட்டாவது வீட்டிலிருந்து பத்தாவது வீட்டுக்கு டேட்டா போயாக வேண்டும். இடையில் 12 மீட்டர். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குத் தாங்குகிற சிக்னல் இவ்வளவு தூரத்தை நம்பிக்கையாகத் தாண்டாது. தாண்டினாலும் தேய்ந்துபோய் அந்தப் பக்கம் பத்து முதல் பதினாலு வரை ஐந்து வீடும் கிறுக்குப் பிடித்ததுபோல மின்னும். இந்த மாதிரி இடத்தில் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். வழியில் ஒற்றைப் பிக்சலை வைப்போம். அது எரியாது. அதற்கு மூன்று பூஜ்ஜியம்தான் அனுப்புவோம்: சிவப்பு 0, பச்சை 0, நீலம் 0. அது தன்னுடைய பூஜ்ஜியங்களை வாங்கிக்கொண்டு, தேய்ந்து வந்த மிச்சத்தைப் புதுசாக்கி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும். பார்க்கிறவன் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

மதினியிடம் கேட்டேன். ‘எரியாது மதினி. ஒங்க கரண்டு வேணாம். எட்டாவது வீட்டுலேந்து அதே கேபிள்ல இன்னொரு ஜோடியில கொண்டாரேன். தாழ்வாரத்துக்கு உள்பக்கம், ஓட்டுக்குக் கீழ வெச்சிக்கிறேன். யாரு வந்து கேட்டாலும் கேபிள் டிவி வயருன்னு சொல்லுங்க.’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘நம்ம வீட்டால மத்த வீடு இருட்டாக் கெடக்க வேணாம். வையிங்க’ என்றார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

24ஆம் தேதி ராத்திரி தெரு ஜொலித்தது. சும்மா சொல்லவில்லை, ஊர்ப் பக்கமிருந்து பிள்ளைகள் வந்து பார்த்தன. பெரியவர்கள் முக்கில் நின்று பார்த்தார்கள். 25ஆம் தேதி ராத்திரி பையன்கள் கேட்டுக்கொண்டபடி ஓட்டம், மினுக்கம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் வெள்ளை மட்டும் போட்டேன். 1968இல் அதே ராத்திரிதான் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். டிசம்பர் 25 எங்களுக்கு இரண்டு விதத்தில் திருநாள்.

மதினி வாசல் படியில், இருட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் எட்டு ஸ்டார், அந்தப் பக்கம் ஐந்து. அந்த ஐந்துக்கும் போன ஒவ்வொரு நிறமும், நொடிக்கு நாற்பது தடவை, அவர் தலைக்கு மேலே ஓட்டுக்குக் கீழே ஒளிந்திருந்த அந்தக் கறுப்புப் பொட்டு வழியாகத்தான் போனது. தெருவில் வந்தவர்கள் ‘இந்த வீடு மட்டும் ஏன் இருட்டா இருக்கு?’ என்று கேட்டுக்கொண்டு போனார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. தெருவுக்கே தெரியும். தெரு சொல்லாது.

இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். கல்யாணத்தைப் பத்திரிகை அடிக்காமல் முடித்தவர்கள். அம்மாவைப் புதைத்த கல்லறையில் சிலுவை நடாதவர்கள். இவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள். இவர்கள் சாதி பொய்யில்லை. பட்ட அடி பொய்யில்லை. தலையில் விளக்குச் சுமந்த தாத்தாவும் பொய்யில்லை. பொய்யாக்கப்பட்டது சாமி மட்டும்தான். அதையும் பொய்யாக்கியது 3ஆவது பத்தி.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து வயரை அவிழ்க்கும்போது அண்ணன் மகன் உதவிக்கு வந்தான். அந்த ஒற்றைப் பிக்சலைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான்.

‘இது எரியவே இல்லல்ல சித்தப்பா?’

‘எரியல. ஆனா இது இல்லாட்டி அஞ்சு வீடு எரிஞ்சிருக்காது.’

‘வேல கெடச்சதுக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கும் ஒரு ஸ்டாரு போட்டுருவோம்டா, கவலப்படாத’ என்றேன். அவன் சிரித்தான். சட்டம் படித்த பையன்களோடு பழகுகிறவன், என்னைவிட விவரம் தெரிந்தவன்.

‘வேல கெடச்சாத்தான் சித்தப்பா போடவே முடியாது. எப்ப வேணும்னாலும் எவனும் பெட்டிஷன் போடலாம். 60 வயசுல ரிட்டயர் ஆகுற வரைக்கும் போட முடியாது.’

அவனுக்கு அப்போது 23. இன்னும் 37 கிறிஸ்துமஸ். அத்தனை வருஷமும் அந்த வாசல் இருட்டாகவே கிடக்கட்டும் என்று ஒரு பத்தி எழுதிவைத்திருக்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை எடுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை. இரண்டு தடவை அதைத் திறந்து திருத்தியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை திறக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. ஆகஸ்ட் 10க்குக் கொடி பிடிக்க வருகிற தோழர்கள், கிறிஸ்தவர் இந்து பௌத்தர் என்று பார்க்காமல் எல்லாத் தெருவிலிருந்தும் வர வேண்டும். கிரவுண்டு ஒன்றாக இருந்தால்தான் சொல்கிற சேதி போய்ச் சேரும்.